காகிதத்தில் எழுதிய வலைப்பக்கம்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

ஜெயிலில் ஒருத்தி எவ்வளவு நன்றாக இருக்க முடியுமோ அவ்வளவு நன்றாக இருக்கிறேன். நீயும் உன் மனைவியும் என் பாப்பாவும் சுகமா? அவளுக்குக் கண்ணாடி போட வேண்டும் என்று எழுதியிருந்தாயே, போட்டாயிற்றா? தலைவலி நின்றதா?

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். வலைப்பக்கம் எழுதும் பயிற்சிக்கு ஆறு பேரை எடுக்கப்போகிறார்களாம். ஆகஸ்ட் கடைசியில் தேர்வு. தேறியவர்களை உங்கள் ஊரில் இருக்கும் திறந்த விடுதிக்கு மாற்றிவிடுவார்கள். வாரம் முழுக்கப் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையிலிருந்து மாலை வரை வீட்டுக்குப் போய் வரலாம்.

எனக்கு வலைப்பக்கமும் வேண்டாம், சிலந்தி வலையும் வேண்டாம். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டும். மாத்திரையை மாற்றிக் கொடுத்து ஒரு உயிரைப் போக்கியவள் நான். தண்டனையைப் பற்றி ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. ஆனால் இன்னும் மூன்று வருடம் பாக்கி இருக்கிறது. வெளியே வரும்போது பாப்பாவுக்குப் பதினொன்று. மூன்றரை வயதில் என்னைப் பார்த்தவள், பதினொன்றில் 'நீங்க யாரு?' என்று கேட்டால் நான் எங்கே போவேன்?

நீ வலைப்பக்கம் செய்யும் கம்பெனியில் இருப்பது இப்போதாவது எனக்கு உபயோகப்படட்டும். எங்கே தொடங்க வேண்டும், எந்தப் புத்தகம், என்ன கருவி என்று சொல். இங்கே கம்ப்யூட்டர் கிடையாது. தேர்வு அன்றைக்கு ஒரு மணி நேரம் கண்ணில் காட்டுவார்கள். போன், வக்கீலோடு பேச மட்டும். மருந்துக்கடையில் பில் அடித்த விரல்கள் இருக்கின்றன, அதனால் தட்டச்சு பயமில்லை.

பாப்பாவை இரண்டு வரி எழுதச் சொல். உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா

*

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். பாப்பாவுக்குக் கண்ணாடி போட்டாயிற்று, சின்ன டீச்சர் மாதிரி இருக்கிறாள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தேன். எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வீடியோ பார்த்துக் கற்றுக்கொள், இல்லையென்றால் செல்போனில் பாடம் நடத்தும் ஆப் ஒன்றைப் பிடி. இரண்டும் உனக்கு ஆகாது. அடுத்தது, படங்களையும் பெட்டிகளையும் இழுத்து இழுத்து வைத்தால் பக்கம் தானே தயாராகும் மென்பொருள். நாங்கள் கடைக்காரர்களுக்கு அதில்தான் செய்து தள்ளுகிறோம். ரெடிமேட் பக்கம் ஒன்றை எடுத்துப் பெயரையும் படத்தையும் மாற்றினால் முடிந்தது வேலை. ஒரு வரி எழுதத் தெரிய வேண்டாம். அதுவும் உனக்கு ஆகாது, ஏனென்றால் தேர்வில் எழுதத்தான் சொல்வார்கள்.

மிச்சம் இருப்பது ஆதிகால வழி. நோட்பேடில் வெறும் எழுத்தாக எச்.டி.எம்.எல், அதாவது பிரவுசருக்குப் புரியும் குறிமொழி, எழுதுவது. நோட்பேடுக்குப் பதில் உனக்குக் கோடு போட்ட நோட்டு. நீ காகிதத்தில் எழுதி எனக்கு அனுப்பு. அதை நான் அப்படியே தட்டச்சு செய்து, பிரவுசரில் திறந்து, திரையில் என்ன தெரிகிறதோ அதைப் பிரிண்ட் எடுத்து அனுப்புகிறேன். நீ எழுது, உன் பிரவுசர் நான்!

புத்தகம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். வேண்டுமென்றே பழைய பதிப்பு வாங்கினேன். புதியதில் பக்கத்துக்குப் பக்கம் 'இந்த முகவரியில் போய்ப் பாருங்கள்' என்கிறான், நீ எங்கே போய்ப் பார்ப்பாய்? முதல் ஐந்து பாடம் போதும். அலங்காரப் பாடங்களைத் தொடாதே. ஜாவாஸ்கிரிப்ட் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள், அக்கா. நீ கட்டாயம் தேறுவாய்.

உன் தம்பி

*

மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது.

புத்தகம் வந்தது, பாதி உயிரோடு. கெட்டி அட்டைக்கு இங்கே அனுமதி இல்லை என்று உரித்துவிட்டார்கள். நடுவில் ஒட்டியிருந்த சி.டி.யைப் பிய்த்ததில் நாலைந்து பக்கங்களின் ஓரமும் சேர்ந்து போய்விட்டது. போகட்டும், வாசிக்க முடிகிறது.

படிக்கும் விதம் ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். என் அறையில் ஒரு தையல்காரம்மா இருக்கிறாள். நான் எழுதியதை அவளுக்கு வாசிப்பேன். தலைப்பு, பத்தி என்று ஒன்றைத் தொடங்கிவைக்கும் குறி, அதாவது திறக்கும் டேக் வந்தால் ஒரு விரலை நீட்ட வேண்டும், மூடும் டேக் வந்தால் மடக்க வேண்டும். கடைசியில் விரல் ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் நான் எதையோ மூடவில்லை என்று அர்த்தம். நேற்று இரண்டு விரலை நீட்டியபடியே சாப்பாட்டு வரிசையில் போய் நின்றாள். "ஏம்மா, இதை எப்பதான் மடக்குறது? தட்டைப் பிடிக்க முடியலையே" என்று ஒரே புலம்பல். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். இங்கே வந்து நாலரை வருடத்தில் வயிறு வலிக்கச் சிரித்தது நேற்றுத்தான்.

நான் எழுதிய முதல் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்று சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள். நீ கெட்டிக்காரன், உன் கை சும்மா இருக்காது. ஒரு புள்ளியைக்கூடத் திருத்தாதே. கோணலாக வந்தால் கோணலாகவே அனுப்பு. நான் செய்த தப்பு என் கண்ணால் பார்த்தால்தான் எனக்கு உறைக்கும்.

பாப்பா எழுதவில்லையே? கோபமா? முதல் வருடம் படமாவது வரைந்து அனுப்பினாள்.

உன் அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் முதல் வலைப்பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மனதைத் திடப்படுத்திக்கொண்டு பார்!

தலைப்பை நீ மூடவே இல்லை. அதனால் தலைப்பிலிருந்து கடைசி வரி வரைக்கும் எழுத்தெல்லாம் யானை யானையாக நிற்கிறது. ஒரு பக்கத்தில் முடிய வேண்டியது நாலு பக்கம் ஓடியது. எங்கள் ஆபீஸ் பிரிண்டர்காரர் "யாருக்கு சார், கண்ணு தெரியாதவங்களுக்கா?" என்று கேட்டார். உன் தையல்காரம்மா அன்றைக்கு விரலை எங்கே வைத்திருந்தாள் என்று விசாரி.

நீ சொன்னபடி ஒரு புள்ளியையும் தொடவில்லை. அடுத்ததை அனுப்பு.

பாப்பாவுக்குப் பள்ளிக்கூட வேலை தலைக்கு மேல் இருக்கிறது. எழுதச் சொல்கிறேன்.

உன் தம்பி

*

மே 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தான். மூட்டு வலி மட்டும் விட மாட்டேன் என்கிறது.

உன் கடிதத்தைப் பதினாறு நாள் பிடித்து வைத்துவிட்டார்கள். கடிதங்களைப் படித்து அனுப்பும் அதிகாரி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "இது என்னம்மா சங்கேதம்? எச் ஒன்னுங்கிறது யாரு? பி யாரு? எதைத் திறக்கப்போறீங்க, எதை மூடப்போறீங்க?" நான் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டி, தலைப்பு, பத்தி என்று அரை மணி நேரம் பாடம் நடத்திய பிறகுதான் விட்டார்.

அந்த யானைப் பக்கத்தைப் பார்த்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. பற்பசையால் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு தலைப்பைக்கூட மூடாமல் விட்டதில்லை. இப்படித்தான் எனக்கு வேண்டும், தம்பி.

இப்போது இணைப்புப் பாடம் முடித்திருக்கிறேன். ஒன்றைத் தொட்டால் இன்னொரு பக்கம் திறக்குமே, அது. ஓரம் கிழிந்த பக்கங்களில் அதுவும் ஒன்று. வரிக்கடைசியில் ஓரிரு எழுத்து போய்விட்டது. இருந்தாலும் புரிந்துகொண்டேன்: மேற்கோள் குறி ஒன்று போட்டு, முகவரியை எழுதி, கோண அடைப்பை மூடிவிட வேண்டும், அவ்வளவுதானே? ஐந்து பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தப்பாக இருந்தால் யானையைவிடப் பெரிதாக வரட்டும், பரவாயில்லை.

பாப்பா?

உன் அக்கா

*

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? இங்கே சுகம். ஆபீஸில் வேலை அதிகம், பதில் தாமதமாகிவிட்டது.

ஐந்து பக்கமும் இத்துடன் இருக்கின்றன. ஒரு பிழை இல்லை. எல்லாம் அழகாக வந்திருக்கின்றன. இதே மாதிரி எழுதிக்கொண்டே போ.

பாப்பா நன்றாக இருக்கிறாள்.

தம்பி

*

ஜூலை 1

அன்புள்ள தம்பிக்கு,

ஐந்து பக்கத்தையும் பார்த்து என் கையை நானே முத்தமிட்டுக்கொண்டேன். இரண்டு மாதம் முன்பு யானை மேய்த்தவளா இவள்! தையல்காரம்மா ஒவ்வொருத்தியிடமும் கொண்டுபோய்க் காட்டி, "இதுல பாதி என் விரல் செஞ்சது" என்று பீற்றிக்கொண்டு திரிகிறாள்.

ஒரு சந்தேகம். மேலே நீலப் பட்டை ஒன்று இருக்கிறதே, நான் அதை எழுதவில்லை. பிரவுசரே போட்டுக்கொள்ளுமா? எழுத்தெல்லாம்கூட நல்ல துணி உடுத்தியது மாதிரி இருக்கிறது. தேர்வில் அந்தப் பட்டை வராவிட்டால் தப்பு என்பார்களோ என்று பயமாக இருக்கிறது. மறக்காமல் எழுது.

இந்தத் தடவை ஒரே பக்கம்தான் அனுப்புகிறேன். தேர்வில் 'உங்களுக்குப் பிடித்ததை வைத்து ஒரு பக்கம் எழுதுங்கள்' என்பார்களாம். இதைத்தான் எழுதப்போகிறேன். தலைப்பு 'ஞாயிற்றுக்கிழமை'. தலைப்புக்கு அடுத்து ஒரு இணைப்பு. அதற்குக் கீழே பாப்பாவும் நானும் செய்யப்போவது, வரிசையாக: ஒன்பது மணிக்கு வாசலில் நிற்பது, பாப்பாவுக்கு இரட்டைப் பின்னல் போடுவது, பூங்கா ஊஞ்சலில் அவளைத் தள்ளிவிடுவது, அவள் போதும் என்று சொன்ன பிறகும் இன்னும் பத்துத் தடவை தள்ளுவது. பத்து வரி வருகிறது. எழுத்து புரியாவிட்டால் கேள்.

ஆகஸ்ட் 26 தேர்வு. அதற்குள் பதில் போடு.

உன் அக்கா

*

செப்டம்பர் 2

தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. தபாலில் மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

நான் தேறவில்லை.

எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் அடித்தேன். நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் இன்னும் தலைப்பிலேயே தடவிக்கொண்டிருந்தாள், அவளைப் பார்த்து மனதுக்குள் இரக்கப்பட்டேன். பிரவுசரில் திறந்தேன். 'ஞாயிற்றுக்கிழமை' என்று மேலே இருந்தது. அதற்குக் கீழே வெள்ளை. பத்து வரியும் இல்லை. இணைப்பும் இல்லை.

மிச்சம் இருந்த இருபது நிமிடமும் தேடினேன். ஒவ்வொரு டேக்காக எண்ணினேன், என் விரலையே நீட்டி மடக்கினேன். எல்லாம் மூடித்தான் இருந்தது. இணைப்பு வரியைப் பார்க்கவே இல்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? நீ அனுப்பிய ஐந்து பக்கத்திலும் அதே மாதிரி எழுதி, எல்லாம் வந்ததே! சந்தேகமாக இருந்ததை எல்லாம் அழித்து அழித்து எழுதினேன், நிச்சயமாகத் தெரிந்த அதை மட்டும் தொடவில்லை. மணி அடித்துவிட்டார்கள். தலைப்பிலேயே தடவிக்கொண்டிருந்தாளே, அவள் தேறிவிட்டாள்.

அடுத்த தேர்வு இரண்டு வருடம் கழித்து.

ஒரே மாதிரி எழுதியது உன்னிடம் சரியாக வந்து இங்கே ஏன் வரவில்லை? எனக்குக் கோபம் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். எழுது.

அக்கா

*

செப்டம்பர் 24

அன்புள்ள அத்தைக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? நான் உங்க தம்பியோட பொண்ணு. நான் லெட்டர் எழுதுறது அப்பாவுக்குத் தெரியாது. கவர்ல தபால் பெட்டி நம்பர் இருந்துச்சு, அதைப் பார்த்து எழுதுறேன்.

எங்க ஸ்கூல்ல இந்த வருஷம் வெப் பேஜ் சொல்லிக்கொடுக்கிறாங்க. அப்பா மேஜையில உங்க பேப்பர் கட்டா இருந்துச்சு. அப்பா அதை டைப் பண்ணவே இல்ல. ஆபீஸ் ரெடிமேட் பக்கத்துல வார்த்தையை மட்டும் மாத்தி பிரிண்ட் எடுத்தாங்க, நான் பார்த்தேன். அதனால நானே ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை டைப் பண்ணேன். தலைப்பு மட்டும் வந்துச்சு, கீழ எல்லாம் காணோம்! எங்க கம்ப்யூட்டர் மிஸ்கிட்ட காட்டினேன். முகவரி முடியிற இடத்துலயும் மேற்கோள் குறி போடணுமாம், நீங்க ஆரம்பத்துல மட்டும் போட்டிருக்கீங்க. அதைப் போட்டதும் எல்லாம் வந்துடுச்சு. நீங்களும் இனிமே போடுங்க அத்தை.

உங்க பாப்பா எங்கே இருக்கா? அவளுக்கு எத்தனை வயசு? என்னையும் வீட்டுல பாப்பான்னுதான் கூப்பிடுவாங்க. எனக்கும் ரெட்டைப் பின்னல் பிடிக்கும், ஆனா அம்மாவுக்கு நேரம் இல்லைன்னு ஒத்தைப் பின்னல்தான் போடுவாங்க. நீங்க உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரியில இருக்கீங்கன்னு அம்மா சொன்னாங்க. சீக்கிரம் நல்லாயிடுங்க.

இப்படிக்கு,
பாப்பா

*

அக்டோபர் 3

அக்காவுக்கு,

பாப்பா உனக்குக் கடிதம் போட்டதை நேற்றுத்தான் சொன்னாள். 'அத்தைக்குத் தப்பைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தேன்' என்று சந்தோஷமாகச் சொன்னாள். உன் சுகத்தைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த ஐந்து பக்கத்தையும் முதலில் நான் தட்டச்சு செய்தேன். இணைப்புக்குக் கீழே எல்லாம் வெள்ளை. என்ன தப்பு என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. உனக்கு எழுதக் காகிதத்தையும் எடுத்தேன். அப்போது என் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவங்க பாஸ் பண்ணிட்டா ஞாயித்துக்கிழமை தவறாம வருவாங்களா? வாசல்ல வந்து நின்னா பாப்பாகிட்ட யாருன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். இவளுக்கு மூன்று தடவை கரு கலைந்தது உனக்குத் தெரியும். பாப்பா இவளை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகளைப் பார்த்துத் தானாக வந்தது. நாங்கள் திருத்தவில்லை, அதுதான் நாங்கள் செய்தது. பிறகு உன்னைப் பற்றிக் கேட்டபோது வாயில் அத்தை என்று வந்துவிட்டது.

அன்றைக்கு அந்தக் கடிதத்தை எழுதவில்லை. மறுநாள் ரெடிமேட் பக்கத்தை எடுத்தேன். நீ தோற்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, அக்கா. ஜெயிக்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. பாப்பாவுக்கு மட்டும் எதையும் எழுதிவிடாதே. பிள்ளை தாங்க மாட்டாள். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி

*

அக்டோபர் 20

தம்பிக்கு,

சுக விசாரிப்பெல்லாம் இனி நமக்குள் வேண்டாம்.

பாவி, ஒரு குறி. ஒரு வரியில் 'அக்கா, கடைசியிலும் போடு' என்று எழுதியிருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை உன் வாசலில் நின்றிருப்பேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லத் தோன்றியது. உனக்குத் தோன்றியும் பேனாவைக் கீழே வைத்தாய்.

உன் பெண்டாட்டியைப் பாப்பா கூப்பிட வேண்டிய முறைதான் அத்தை. அதை என் பக்கம் தள்ளிவிட்டு, என்னுடையதை அவள் எடுத்துக்கொண்டாள். மூன்று தடவை கலைந்ததற்கு நானும் அழுதிருக்கிறேன். அதற்காக என் பிள்ளையைக் கொடுக்கிறேன் என்று நான் எப்போது சொன்னேன்? வளர்க்கச் சொல்லித்தானே விட்டுவிட்டு வந்தேன்? முதல் வருடத்துக்குப் பிறகு படம் வராதபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பள்ளிக்கூட வேலை என்றாய், நம்பினேன். நீலப் பட்டையையும் நம்பினேன்.

பயப்படாதே, பாப்பாவிடம் நான் சொல்லப்போவதில்லை. உனக்காக இல்லை. 'உன் அம்மா நான்தான்' என்று காகிதத்தில் படித்துவிட்டு அவள் அழும்போது, அணைத்துக்கொள்ள நான் அங்கே இருக்க மாட்டேன். உன் பெண்டாட்டிதான் இருப்பாள். அதையும் நானே அவளுக்குக் கொடுக்க வேண்டுமா?

நீதான் சொல்ல வேண்டும். உன் வாயால், அவளை மடியில் வைத்துக்கொண்டு, நான் வெளியே வருவதற்குள். எப்போது சொல்கிறாயோ அன்றைக்கு எழுது. அதுவரை நீ எனக்கு எழுத வேண்டாம், இந்தக் கவரில் வரும் கடிதங்களை அவளிடம் கொடுத்தால் போதும். முதல் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்துவிட்டே கொடு.

*

அக்டோபர் 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உனக்கு என்ன அழகான கையெழுத்து! கண்ணாடியைக் கழற்றாமல் போட்டுக்கொள்கிறாயா?

நீ சொன்னதுதான் சரி. முகவரி முடியும் இடத்தில் நான் மேற்கோள் குறி போடவில்லை. இத்தனை மாதத்தில் என் தப்பை எனக்குச் சொன்ன ஒரே ஆள் நீதான். இனிமேல் மறக்க மாட்டேன். உன் கம்ப்யூட்டர் மிஸ்ஸுக்கும் என் நன்றியைச் சொல்.

என் பாப்பா எங்கே என்று கேட்டிருந்தாய். அவளுக்கும் எட்டு வயதுதான். நல்ல வீட்டில் இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகிறாள், ரொம்பக் கெட்டிக்காரி. ஞாயிற்றுக்கிழமை அவளிடம் போகலாம் என்றிருந்தேன், இந்த வருடம் முடியவில்லை. எனக்கு உடம்பு பரவாயில்லை, நீ கவலைப்படாதே.

இரட்டைப் பின்னல் போட அதிக நேரம் ஆகாது. நடுவில் வகிடு எடுத்து இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பத்து நிமிடம்தான். அடம் பிடிக்காமல் தலையை ஆட்டாமல் உட்கார், போட்டுவிடுவார்கள்.

நன்றாகச் சாப்பிடு. நன்றாகப் படி. அப்பாவையும் அம்மாவையும் நான் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அத்தை